கரிசல் வீட்டுக்குள் ஒரு கடல்

“தூத்துக்குடி உப்பு ரெண்டு மூடை வாங்கி நல்ல தண்ணியில கரைச்சு விட்டா கடல் தண்ணி ஆயிராதா, அண்ணாச்சி?”

எங்கள் தெருவில் தறி ஓட்டும் தம்பி கேட்டார். அவர் மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ‘நீமோ’ என்கிற கோமாளி மீனும், அதன் பின்னால் அசைகிற பவளக் காடும் வீட்டுக்கு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கப்பியும் தங்க மீனும் அவர்கள் வீட்டில் ஏற்கெனவே நன்றாக வளர்கின்றன. அந்தத் தைரியத்தில்தான் அவர் கடலுக்குப் போக நினைக்கிறார்.

சங்கரன்கோவிலில் இருந்து கடல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கோவில்பட்டி வழியாகப் போனால் கரிசல் முடிந்து செம்மண் வந்து, பிறகு உப்பளங்களின் வெள்ளைக் குவியல்கள் தெரியும். தம்பியின் கேள்விக்கான பாதிப் பதில் அந்த வெள்ளைக் குவியல்களிலேயே இருக்கிறது. அதை அவருக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

உப்பளத்தில் நடப்பது நீரை வற்ற வைப்பது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அங்கே நடப்பது பிரித்தெடுப்பது. கடல் நீரோ நிலத்தடி உவர்நீரோ பாத்திக்குப் பாத்தி மாறி வெயிலில் சுண்டச் சுண்ட, அதில் கரைந்திருப்பவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். முதலில் சுண்ணாம்புச் சத்து படியும். அடுத்து ஜிப்சம் படியும். நீர் தன் பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கி, அடர்த்திமானி 25 டிகிரியைக் காட்டும் வேளையில்தான் சமையல் உப்பு பூக்கத் தொடங்கும். அந்த உப்பை வாரி எடுத்தபின் பாத்தியில் ஒரு நீர் மிஞ்சும். நாக்கில் வைத்தால் கசக்கும். மெக்னீசியமும் பொட்டாசியமும் திரண்ட அந்த நீரை வெளியே வடித்து விடுவார்கள், உப்போடு அது கலந்தால் உப்பும் கசந்துவிடும் என்பதால்.

ஆக மூடையில் வருவது கடலின் மற்ற பொருள்களை எல்லாம் முன்னும் பின்னும் கழற்றிவிட்டு நடுவில் எடுத்த சோடியம் குளோரைடு. சமையலுக்கு அதுதான் வேண்டும். மீனுக்கும் பவளத்துக்கும் கழற்றிவிட்டதும் சேர்ந்து வேண்டும்.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு, சல்பேட் 2.7 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலைக்கு 0.4 கிராம். இவற்றுக்குப் பின்னால் மிகச் சிறிய அளவில் இன்னும் பல தனிமங்கள். இதில் ஒரு வியப்பு உண்டு. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த ‘சேலஞ்சர்’ கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்து 1884-ல் முடிவை வெளியிட்டார். எந்தக் கடலானாலும், மேல்மட்டமானாலும் ஆழமானாலும், மொத்த உப்பின் அளவு கூடலாம், குறையலாம். ஆனால் இந்த முக்கியப் பொருள்களுக்கு இடையிலான விகிதம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. மன்னார் வளைகுடாவில் மொண்டாலும் அட்லாண்டிக்கில் மொண்டாலும் அதே பங்கீடு. பவளமும் கடல் மீனும் அந்தப் பங்கீட்டுக்குள்ளேயே தோன்றி வளர்ந்தவை. அவற்றை வேறொரு பங்கீட்டில் போட்டால் தாங்காது.

தம்பி கேட்ட கேள்வியை 170 ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் ஒருவர் தன்னையே கேட்டுக்கொண்டார். பிலிப் ஹென்றி காஸ் என்ற அந்த இயற்கையியலாளர்தான் ‘அக்வேரியம்’ என்ற சொல்லை 1854-ல் தன் புத்தகத்தின் மூலம் பரப்பியவர். கடற்கரையிலிருந்து ஜாடிகளில் நீர் சுமந்துவர முடியாதவர்களுக்காக அவர் செயற்கைக் கடல் நீருக்கு ஒரு பக்குவம் எழுதினார். அவரும் சாப்பாட்டு மேசை உப்பில்தான் தொடங்கினார். ஆனால் அதோடு எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு மூன்றையும் அளந்து சேர்த்தார். உப்பளத்தில் வடிந்துபோன கசப்பு நீரை அவர் திரும்பக் கொண்டுவந்தார் என்று சொல்லலாம். இன்று வாளிகளில் விற்கிற ‘ரீஃப் சால்ட்’ அதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்கிறது. நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு அதுதான் வழி. 200 லிட்டர் கடல் நீர் 200 கிலோவுக்கு மேல் எடை. துறைமுகமும் ஆலைகளும் இருக்கிற கரையோரம் மொண்டு வருகிற நீரில் கூட என்னென்ன வரும் என்பது மொள்ளுபவருக்குத் தெரியாது.

அடுத்து, உப்பைக் கரைக்க எந்தத் தண்ணீர்? நம் ஊர் ஆழ்குழாய் நீரில் கடினத்தன்மை உண்டு. குழாயில் வரும் குடிநீரில் கிருமி கொல்லக் குளோரின் கலந்திருப்பார்கள். கேன் தண்ணீர் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டியதுதான் என்றாலும், குடிப்பதற்காகவே அதில் கொஞ்சம் தாது விட்டு வைத்திருப்பார்கள். ரீஃப் எனப்படும் பவளத் தொட்டிக்கு வேண்டியது ஒன்றுமே கரைந்திராத தண்ணீர், கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டுகிற தண்ணீர். கையடக்க மீட்டர் ஒன்றைத் தொட்டிக்கு முன்பே வாங்கிவிடுங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கலந்த நீரை ஊற்றினால் பச்சைப் பாசி கண்ணாடியை மூடிவிடும். பெரும்பாலானவர்கள் கடல் தொட்டியைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். கரைத்த நீரின் ஒப்படர்த்தி 1.025-இலிருந்து 1.026-க்குள் இருக்க வேண்டும். உப்பளத்தில் மிதக்கவிடுகிற அடர்த்திமானியின் தங்கைதான் இதையும் அளக்கிறது.

இனி நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று மழையை மேற்கே கொட்டிவிட்டு, வெறும் காற்றாக நம் பக்கம் அடிக்கும். ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். அந்தக் காற்றில் கொடியில் போட்ட புடவை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். தொட்டி நீரும் அதே வேகத்தில் குறையும். இங்கே புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. நீர் குறைந்ததைப் பார்த்து உப்பு நீரைக் கலந்து ஊற்றிவிடுகிறார்கள். ஆவியாகிப் போனது வெறும் நீர். உப்பு முழுவதும் தொட்டியிலேயே இருக்கிறது. 200 லிட்டர் தொட்டியில் 7 கிலோ உப்பு கரைந்திருக்கிறது என்றால், 20 லிட்டர் ஆவியான பிறகு மிச்சம் 180 லிட்டரிலும் அதே 7 கிலோதான். லிட்டருக்கு 35 கிராம் இருந்தது கிட்டத்தட்ட 39 ஆகிவிடும். ஆகவே ஈடு செய்ய வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. நீர். கண்ணாடியின் வெளிப்பக்கம் நீர்மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். காலையில் பல் துலக்கும்போது பார்த்து, அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். ஒரு நாளும் தவறக் கூடாத வேலை இது ஒன்றுதான்.

அதே ஆவியாதல் சித்திரையில் நமக்குத் துணைக்கு வரும். கடல் தொட்டி 25, 26 டிகிரியில் சுகமாக இருக்கும். நம் ஊரில் வீட்டுக்குள்ளேயே 33, 34 டிகிரி நிற்கும் நாட்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் ஹீட்டர் வாங்கச் சொல்கின்றன. இங்கே சிக்கல் நேர் எதிர்த் திசையில். சில்லர் என்கிற குளிரூட்டி இருக்கிறது, தொட்டியைவிட அதற்குக் கூடுதலாகச் செலவாகும். அதற்கு முன்பு மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையின் மேனியில் கசிகிற நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகக் கொண்டுபோகும் வெப்பம், 200 லிட்டர் தொட்டியை ஏறக்குறைய 3 டிகிரி குளிர வைக்கப் போதுமானது. அறையின் சூடு ஓயாமல் திரும்ப ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் நாளொன்றுக்குச் சில லிட்டர் ஆவியாக வேண்டியிருக்கும். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஒன்றை ஓடவிடுங்கள். கணிசமாகக் குறையும். காற்று ஈரமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இந்த உபாயம் பலிக்காது, ஆனால் அப்போது அதன் தேவையும் அதிகம் இருக்காது.

மின்சாரம் போகும் நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். சூடேறிய நீரில் ஆக்சிஜன் கரைவது குறைவு. பம்பு நின்று மேல்நீர் அசையாமல் இருந்தால் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் விளக்கை விட்டுவிட்டு அலைப் பம்பை மட்டும் இணைத்தாலே பெரிய உதவி.

இவ்வளவும் தயார் என்றால் மீன் வாங்கலாமா? இன்னும் இல்லை. தொட்டியில் முதலில் குடியேற வேண்டியவர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மிச்ச இரை அழுகினாலும் அம்மோனியாதான். கடலில் அது கரைந்து காணாமல் போகும். 200 லிட்டரில் அது நஞ்சு. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒருவகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றி அந்த வேதிமாற்றத்திலேயே தன் பிழைப்பை நடத்துகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவற்றைத் தனித்துப் பிரித்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர், 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில். இவை மெதுவாகப் பெருகுபவை. இட்லி மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஓர் இரவில் சட்டியைப் பொங்க வைத்துவிடும். இவை ஒருமுறை இரட்டிக்கவே அரை நாள், ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் உப்பு நீர் நிரப்பி, கல் அடுக்கி, பம்பு ஓடவிட்டு, துளி அம்மோனியா கொடுத்து, நான்கு முதல் ஆறு வாரம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்கிறார்கள். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இறங்கி, இரண்டும் பூஜ்யத்தைத் தொடும் நாள்தான் மீன் வாங்கும் நாள். குழந்தையிடம் இதைச் சொல்லி, ஒரு நோட்டில் தினமும் எண்களை எழுத வையுங்கள். அவள் பள்ளியில் படிக்கப்போகும் நைட்ரஜன் சுழற்சி வீட்டு மேசையில் நடந்துகொண்டிருக்கும்.

இந்த பாக்டீரியா ஒட்டி வாழத் துளைகள் நிறைந்த கல் வேண்டும். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1961-ல், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்புள்ள கற்களையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு பவளத் தொட்டியை நடத்திக் காட்டி எழுதினார். இன்றைய ரீஃப் தொட்டிகளின் தொடக்கம் அது. ஆனால் நாம் அந்தக் கல்லைக் கடலிலிருந்து எடுக்கக் கூடாது. அது இறந்த பவளம். அதையும் எடுக்கக் கூடாது என்பது ஏன் என்று இதோ வருகிறேன். செயற்கையாக வார்த்த பீங்கான் கற்கள் கிடைக்கின்றன. மெருகு பூசாத சுட்ட மண்ணும் நன்றாக வேலை செய்யும். கோமாளி மீன் குஞ்சு பொரிப்பகங்களில் தாய்மீன்கள் முட்டையிட மண்சட்டியையும் ஓட்டையும்தான் வைக்கிறார்கள்.

பவளம் என்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம். அது கல்லும் இல்லை, செடியும் இல்லை. கடல் சாமந்திக்கும் ஜெல்லி மீனுக்கும் உறவான விலங்கு. குண்டூசித் தலை அளவில் இருக்கும் ஓர் உயிர், தன் அடியில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டி அதில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் பிளந்து இன்னொன்று, இன்னொன்று என்று ஆயிரக்கணக்கில். பெரும்பாலானவை இரவில்தான் தங்கள் சிறு கைகளை வெளியே நீட்டும். அதன் தசைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியில் உணவு சமைத்து அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் அதற்கு இருப்பிடமும் தன் கழிவிலுள்ள நைட்ரஜனையும் கொடுக்கிறது. பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடு வரை இந்தப் பாசி கொடுப்பதே. ரீஃப் தொட்டிக்கு நீலம் தூக்கலான எல்.இ.டி. விளக்கு போடுவதும் இந்தப் பாசிக்காகத்தான். கடலுக்குள் சிவப்பு ஒளி சீக்கிரமே அற்றுப்போய், நீலம்தான் ஆழம் வரை இறங்குகிறது.

சூடு கூடினால் இந்தக் குடித்தனம் கலையும். பாசியைப் பவளம் வெளியேற்றிவிடும், நிறம் போய் எலும்பு வெளுப்பில் நிற்கும். சில வாரங்களில் சூடு தணிந்தால் பிழைக்கலாம். தணியாவிட்டால் பட்டினிதான். மன்னார் வளைகுடாவில் நீர் 30 டிகிரியைத் தாண்டும் கோடைகளில் இது நடக்கிறது. 2016-ல் நடந்த வெளுப்பில் அங்கே உயிருள்ள பவளம் 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 ஆகக் குறைந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் நீருக்கடியில் அளந்து பதிவு செய்தார்கள். கடலே 30-ல் திணறுகிறது என்றால் 34 டிகிரி நடுவீட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டி எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றி 117 வகைக் கற்பவளங்கள். மீனவர்கள் ‘பார்’ என்பார்கள், ‘சல்லி’ என்பார்கள். காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என்று தீவுகளின் பெயரிலேயே அது இருக்கிறது. 1986-ல் 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவானது. அதற்கு முன்பு பல பத்தாண்டுகளாகவும், அதற்குப் பின்பு சில காலமும், இந்தப் பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் வெந்தது. கட்டடக் கல்லாயிற்று. ஆலைகளுக்கு மூலப்பொருளாயிற்று. கரைக்கு அரணாக நின்ற பார் குறைந்ததும் அலை நேராகத் தீவுகளின் மணலைத் தொட்டது. அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய 2 தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வான் தீவு கரைந்து சுருங்கியதால், அதைக் காக்க 2015 முதல் செயற்கைப் பார்க் கட்டமைப்புகளைக் கடலுக்குள் இறக்க வேண்டி வந்தது. உருண்டைப் பவளம் ஒன்று ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். தலையணை அளவுக் கல்லைப் பெயர்த்தவர் அரை மணி நேரத்தில் பெயர்த்திருப்பார். கடல் அதைக் கட்ட ஒரு தலைமுறை ஆகியிருக்கும்.

2001-ல் கற்பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், கறுப்புப் பவளமும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. கடல் குதிரையும் கடல் அட்டையும் அந்த ஆண்டுதான் சட்டப் பாதுகாப்புக்குள் வந்தன. இவற்றைப் பிடித்தாலும் விற்றாலும் மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத் தண்டனை உண்டு. ஆகவே வெளிநாட்டுக் காணொளிகளில் ஒளிர்கிற கொம்புப் பவளம், மூளைப் பவளம் எல்லாம் நம் வீட்டுக்கு உரியவை அல்ல. எவரேனும் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கற்பவளம் வளர்ப்பதற்கு மிகக் கடினமானதும்கூட. முதல் தொட்டியில் அது பெரும்பாலும் செத்துத்தான் போகும். ஒரு தலைமுறையின் வளர்ச்சியை ஒரு கோடையில் இழப்பதற்காகப் பாரிலிருந்து பிடுங்குவதில் எந்த நியாயமும் இல்லை.

இங்கே பனங்காட்டுக்காரர்களுக்குச் சட்டென்று புரிகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதநீர் இறக்கும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். அது இல்லாவிட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தில் நொதிக்க வைக்கும் நுண்ணுயிர் தலையெடுக்காது. அந்தச் சுண்ணாம்பையே நீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல்தெளிவை இறுத்து எடுத்தால் கிடைக்கும் சுண்ணாம்புத் தெளிநீரைத்தான் மேலை நாடுகளில் கற்பவளம் வளர்ப்பவர்கள் பல பத்தாண்டுகளாகத் தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். பவளம் எலும்பு கட்ட எடுத்துக்கொண்ட கால்சியத்தையும் காரத்தன்மையையும் அது ஒருசேர ஈடு செய்கிறது. அதன் பி.எச். 12-க்கு மேல், மளமளவென்று ஊற்றினால் தொட்டியே மடியும். பாசி தூங்குகிற இரவில் தொட்டியின் பி.எச். தானாகவே இறங்கும் என்பதால் அந்த நேரம் பார்த்துச் சொட்டவிடுகிறார்கள். தெளிநீரைத் திறந்த கிண்ணத்தில் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். மேலே கண்ணாடித் தாள் போல ஓர் ஏடு படரும். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பிறந்த கால்சியம் கார்பனேட் அது. பவளத்தின் எலும்பும் கால்சியம் கார்பனேட்தான். பவளத்தைச் சுட்டால் சுண்ணாம்பு. சுண்ணாம்பைக் கரைத்துச் சொட்டினால் மறுபடி பவளம். காளவாயில் ஒரு காலத்தில் ஒரு திசையில் மட்டுமே ஓடிய வேதியியல் இது. நம் முதல் தொட்டிக்குத் தெளிநீர் தேவைப்படாது. வாரம் பத்து விழுக்காடு நீரை மாற்றினாலே போதும்.

அப்படியானால் நம் தொட்டியில் என்னதான் வைப்பது? என் தேர்வைச் சொல்கிறேன். 200 லிட்டர் தொட்டி. மேசையில் வைக்கிற 30 லிட்டர் பெட்டி மலிவாகத் தெரியும், ஆனால் சின்ன நீரில் சூடும் உப்பும் நொடியில் ஏறி இறங்கும். பெரிய நீர் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். நிரப்பினால் கால் டன் எடை வரும். கீழே தளம் உறுதியாகவும், வெயில் நேரே படாத சுவரோரமாகவும் இருக்கட்டும். கழிவை நுரையோடு சேர்த்து வெளியே தள்ளும் புரோட்டீன் ஸ்கிம்மர் ஒன்று. அலைப் பம்பு இரண்டு. சுட்ட மண்ணோ வார்ப்புக் கல்லோ கொண்டு ஒரு குகை. அதில் ஒரு ஜோடி கோமாளி மீன். ஓராண்டு இப்படியே போகட்டும். நீர் நிலைத்துவிட்டது என்று உங்கள் நோட்டு சொன்னபிறகு, அட்டவணையில் இல்லாத மென்பவள வகைகளில் ஒன்றிரண்டை, உரிய ஆவணத்தோடு விற்பவரிடம் மட்டும் வாங்கலாம். வாங்காமலே இருந்தாலும் தொட்டிக்குக் குறையில்லை. கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி கட்டாயம் வேண்டும் என்பதும் தவறான எண்ணம். அது இல்லாமலே நிம்மதியாக வாழும், முட்டையிடும். நீல நிற ‘டோரி’ மீன் மட்டும் வேண்டாம். அது 30 சென்டிமீட்டர் வளர்கிற, பாய்ந்து நீந்துகிற மீன்.

கோமாளி மீனை நான் சொல்வதற்குக் காரணம் மண்டபத்தில் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கப்பட்டது. 1971-ல் கொச்சிக்குப் போகும் வரை அதன் தலைமையிடம் மண்டபம். இன்று அங்கே இருக்கும் மண்டல மையத்தில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை வகுத்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இந்த வேலையைச் செய்தது. மன்னார் வளைகுடாவிலேயே வாழ்கிற ‘செபே’ கோமாளி உட்படப் பல வகைகள் இப்படிப் பிறந்திருக்கின்றன. கடல் மீன்களை வீட்டுத் தொட்டிக்காக வளர்த்தெடுப்பது எளிதன்று. விற்பனைக்கு வரும் கடல் அலங்கார மீன் வகைகளில் பெரும்பாலானவை இன்றும் பார்களில் பிடிக்கப்படுபவையே. கோமாளி மீன் அதற்கு விலக்கு.

அதன் குடும்பம் விசித்திரமானது. எல்லாக் குஞ்சுகளும் ஆணாகவே முதிரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அந்தப் பெண் இறந்தால், அதன் ஜோடியான ஆண் பெண்ணாக மாறி, அடுத்த நிலையில் இருந்த சின்ன மீன் ஆணாகப் பொறுப்பேற்கும். முட்டைகளைக் காப்பது தகப்பன் வேலை. ஒரு வாரம் போலத் தன் துடுப்பால் விசிறிக்கொண்டும், கெட்டுப்போன முட்டையை வாயால் பொறுக்கிக்கொண்டும் அது அந்த இடத்தைவிட்டு நகராது. இருட்டிய சிறிது நேரத்தில் குஞ்சுகள் பொரிக்கும். முதல் இரை ரோட்டிஃபர் என்கிற நுண்ணுயிரி. சற்று வளர்ந்ததும் ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர் இறால் குஞ்சு. அந்த ஆர்ட்டீமியா தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் தானாகவே வாழ்கிறது. தம்பி மூடை கட்டி வாங்க நினைத்த உப்பு விளையும் அதே நீரில்.

சென்னையில் 1909-லேயே மெரினா கடற்கரையில் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் கடல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத் தலைவராக இருந்து, ராமேசுவரத்தின் கடல் உயிர்களைச் சேகரித்து எழுதியவர் அவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்படும் வரை ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அங்கே கண்ணாடிக்கு அப்பால் கடலைப் பார்த்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கட்டும். ஆனால் தொட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு விடுமுறை நாளில் அவர்களை மண்டபத்துக்கோ பாம்பனுக்கோ கூட்டிப்போய், அசல் கடலை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பிறகு மீன் வாங்கப் போகும்போது விற்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: “இது பொரிப்பகத்துல பிறந்த மீனா, பார்ல பிடிச்ச மீனா?” பொரிப்பகம் என்று உறுதியாகச் சொல்லி எந்தப் பொரிப்பகம் என்றும் சொல்பவரிடம் வாங்குங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காமல் திரும்பி வாருங்கள். தம்பியின் மகள் இந்தக் கேள்வியை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். அவள் தொட்டியில் இப்போது மீன் இல்லை. நான்காவது வாரம், நோட்டில் அம்மோனியா இறங்கத் தொடங்கியிருக்கிறது.